சிறையில் வக்கீலோடு பேசுவதை வார்டர் கேட்கலாமா?

கேள்வி: வணக்கம். என் மகனுக்கு 24 வயது. தெருச் சண்டை ஒன்றில் கைதாகி, கொலை முயற்சி என்று வழக்குப் போடப்பட்டு, 50 நாட்களாக மத்தியச் சிறையில் ரிமாண்டில் இருக்கிறான். கணவர் இல்லை. தையல் வேலை செய்யும் நான், கடன் வாங்கி வக்கீல் வைத்திருக்கிறேன். அவர் சிறைக்குப் போய்ப் பேசும்போதெல்லாம் வார்டர் ஒருவர் மேசைக்குப் பக்கத்திலேயே நிற்கிறாராம். அதனால் மகன் எதையும் சொல்ல மாட்டேன் என்கிறானாம். ஆனால் நான் மனு பார்க்க, அதாவது சிறையில் அவனைச் சந்திக்கப் போகும்போது என்னிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறான். அவன் சொன்னதை இந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். வார்டர் அப்படி நிற்பது சரியா? காதில் விழுந்ததை அவர் போலீஸிடம் சொன்னால் என்ன ஆகும்? வக்கீலையே போலீஸ் கூப்பிட்டு விசாரிக்க முடியுமா? சிறையிலிருந்து மகன் தரும் சீட்டு ஒன்றை அவன் நண்பர்களிடம் சேர்க்கும்படி வக்கீலிடம் கேட்டேன், மறுத்துவிட்டார். மகன் என்ன சொன்னான் என்று கேட்டாலும் சொல்வதில்லை. ஃபீஸ் கொடுப்பது நான்தானே? வக்கீலை மாற்றிவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்: அம்மா, முதலில் அந்த இரண்டாம் பக்கம். அதை இங்கே வெளியிடவில்லை. அதில் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தைகூட எழுதப்போவதும் இல்லை. உறையிலிட்டு உங்கள் முகவரிக்கே தபாலில் அனுப்பிவிட்டேன். வந்ததும் அதை உங்கள் மகனின் வக்கீலிடம் நேரில் கொடுங்கள். செல்போனில் படம் பிடிக்க வேண்டாம், வாட்ஸ்அப்பில் தம்பிக்கோ அக்காவுக்கோ அனுப்ப வேண்டாம். நான் வழக்கறிஞர்தான், ஆனால் உங்கள் மகனின் வழக்கறிஞர் அல்ல. பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் தபாலை நான் பிரிப்பதற்கு முன்பே இரண்டு பேர் பிரித்துவிடுவார்கள். வழக்கு விவரத்தை இப்படி எழுதி அனுப்புகிற பழக்கம் நம் வாசகர்கள் பலரிடம் இருக்கிறது. எல்லோருக்குமாகச் சொல்கிறேன்: சந்தேகத்தை எழுதுங்கள், சம்பவத்தை எழுதாதீர்கள்.

இனி வார்டர். அவர் நிற்கலாமா என்றால், நிற்கலாம். கேட்கலாமா என்றால், கூடாது. சிறை நிர்வாகத்துக்குப் பார்க்கும் உரிமை உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. செல்போனும் கஞ்சாவும் சிறைக்குள் எப்படியெல்லாம் போகின்றன என்று அவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் ‘பார்வை எட்டும் தூரம், காது எட்டாத தூரம்’ என்று விதி வகுத்தார்கள். மேசைக்குப் பக்கத்தில் நின்றால் அது காது எட்டும் தூரம்தான்.

இது ஏதோ புதிதாக வந்த மனித உரிமைப் பேச்சு என்று சில சிறை அலுவலர்கள் நினைக்கிறார்கள். வெள்ளைக்காரன் போட்ட 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. விசாரணைக் கைதி தன் வக்கீலை வேறு எவரும் உடனில்லாமல் பார்க்க, நீதியின் நலனுக்கு ஒத்துவரும் அளவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது அதன் 40-ஆம் பிரிவு. நாட்டையே சிறையாக வைத்திருந்தவர்களுக்குக்கூட இதன் அவசியம் புரிந்திருக்கிறது. தமிழ்நாட்டுச் சிறைகளுக்கு இன்றும் அடித்தளம் அந்தச் சட்டமும், 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறை விதிகளும்தான்.

சட்டத்தை விடத் தெளிவாக உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. பிரான்சிஸ் கோரலி முல்லின் என்ற பிரிட்டிஷ் பெண், கடத்தல் தடுப்புச் சட்டமான காஃபிபோசாவின் கீழ் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டு டெல்லி திகார் சிறையில் இருந்தார். அவர் தன் வக்கீலைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் நேரம் வாங்க வேண்டும். பிறகு சுங்கத் துறை அதிகாரி ஒருவர் வந்து உடன் உட்கார வேண்டும். மாஜிஸ்திரேட் நேரம் கொடுத்து, வக்கீல் சிறை வாசலுக்கு வந்து நின்றாலும், அந்த அதிகாரி வரவில்லையென்றால் சந்திப்பு நடக்காது. 1981 ஜனவரியில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, இந்த ஏற்பாடு அரசமைப்புச் சட்டத்தின் 14 (சமத்துவம்), 21 (உயிர், தனிமனிதச் சுதந்திரம்) ஆகிய பிரிவுகளுக்கு விரோதமானது என்று கூறி அதை ரத்து செய்தது. சுங்க அதிகாரியோ சிறை அலுவலரோ தேவையென்று நினைத்தால் சந்திப்பைக் கண்காணிக்கலாம். ஆனால் கைதியும் வக்கீலும் பேசுவது கேட்கும் தூரத்தில் இருக்கக் கூடாது என்றது. இந்தத் தீர்ப்பு தடுப்புக்காவலில் இருந்தவருக்குக் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 22(1)-ஆம் பிரிவு கைதானவருக்குத் தரும் வக்கீல் உரிமை, தடுப்புக்காவலில் இருப்பவருக்கு நேரடியாகப் பொருந்தாது. அவருக்கே அந்தத் தூரம் கிடைத்தது என்றால், சாதாரண ரிமாண்ட் கைதியான உங்கள் மகனுக்குக் கிடைப்பதில் என்ன சந்தேகம்? குண்டர் சட்டத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்து நிற்கும் குடும்பங்களும் இந்தத் தீர்ப்பின் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

இதற்குச் சற்று முன்பு, 1979 டிசம்பரில், சுனில் பத்ரா வழக்கின் இரண்டாம் தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர், நீதிமன்றங்கள் நியமிக்கும் வக்கீல்கள் கைதிகளைச் சந்திக்கவும் ரகசியமாகத் தொடர்புகொள்ளவும் வசதி தர வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்த வழக்கே ஒரு கைதி எழுதிய கடிதத்திலிருந்து பிறந்ததுதான். கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. சபை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 61-ஆவதும் இதே பார்வை தூரத்தையும் காது தூரத்தையும்தான் சொல்கிறது. இவற்றை உங்கள் வக்கீல் அறிவார். நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அடுத்த கேள்விதான் சங்கடமானது. வார்டர் காதில் விழுந்துவிட்டால்? இதில் பலரும், சில இளம் வக்கீல்களும்கூட, தவறான தைரியத்தில் இருக்கிறார்கள். வக்கீல் யாருக்காக வாதாடுகிறாரோ அந்தக் கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாடு முன்பு 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 132-ஆம் பிரிவு. அந்தப் பிரிவு வக்கீலைக் கட்டுப்படுத்துகிறது. அவருடைய குமாஸ்தாவையும், அலுவலக ஊழியர்களையும், மொழிபெயர்ப்பாளரையும் கட்டுப்படுத்துகிறது. அதே சட்டத்தின் 134-ஆம் பிரிவு, தன் வக்கீலோடு ரகசியமாகப் பேசியதை வெளியிடும்படி கட்சிக்காரரையும் வற்புறுத்த முடியாது என்கிறது. அவராகவே சாட்சிக் கூண்டில் ஏறினால் மட்டும் கதை வேறு. இந்தப் பட்டியலில் வார்டர் இல்லை. பக்கத்து மேசைக் கைதியும் இல்லை. சட்டம் வக்கீலின் வாயைப் பூட்டியிருக்கிறதே தவிர, அருகில் நிற்பவரின் காதைப் பூட்டவில்லை.

முறைகேடாகக் கேட்ட பேச்சை நீதிமன்றம் ஏற்காது என்று நம்பி இருந்துவிடவும் முடியாது. மும்பையில் மரண விசாரணை அதிகாரியாக இருந்த ஒருவர் மீதான லஞ்ச வழக்கில், போலீஸ் பதிவு செய்த தொலைபேசிப் பேச்சை 1972-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மல்கானி வழக்கு என்பார்கள். சாட்சியம் எப்படிக் கிடைத்தது என்பதை விட, அது வழக்குக்குத் தொடர்புடையதா என்பதையே நம் நீதிமன்றங்கள் பெரும்பாலும் பார்க்கின்றன. வக்கீல் சந்திப்பில் ஒட்டுக்கேட்டதைச் சாட்சியமாக்கினால் அதை எதிர்க்க நல்ல வாதங்கள் உண்டு; அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு உண்டு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு உண்டு. ஆனால் பிள்ளையின் விடுதலையை ஒரு வாதத்தின் மேல் ஏன் பணயம் வைக்க வேண்டும்? இன்னொரு விஷயமும் இருக்கிறது. வார்டர் கூண்டில் ஏற வேண்டும் என்பதில்லை. டீக்கடையில் இன்ஸ்பெக்டரிடம் ஒரு வரி சொன்னால் போதும். அது சாட்சியமாகாது, துப்பாகும். ஆகவே காதுக்கெட்டாத தூரத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். பேசி முடித்த பிறகு உரிமை மீறல் என்று மனுப் போட்டுப் பெரிய பயன் இருக்காது. உங்கள் மகன் வாயைத் திறக்க மறுப்பது பிடிவாதம் இல்லை அம்மா, புத்திசாலித்தனம்.

அந்தத் தூரத்தை வாங்குவது எப்படி? உங்கள் வக்கீல் அடுத்த முறை போகும்போது, வார்டரிடம் தகராறு செய்யாமல், சிறைக் கண்காணிப்பாளர் பெயருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் கொடுக்கட்டும். சிறைச் சட்டத்தின் 40-ஆம் பிரிவையும் பிரான்சிஸ் முல்லின் தீர்ப்பையும் குறிப்பிட்டு, அலுவலர் பார்க்கும்படியாகவும் கேட்காதபடியாகவும் இடம் ஒதுக்கித் தரக் கேட்டால் போதும். எந்த வார்டரின் பெயரையும் அதில் போட வேண்டாம். குற்றச்சாட்டாக எழுதினால் அதன் விளைவை அனுபவிப்பவர் வக்கீல் அல்ல; இரவு பூட்டிய அறைக்குள் இருப்பவர் உங்கள் மகன். ஏற்பாடு கேட்கும் கடிதமாக எழுதினால், பெரும்பாலான கண்காணிப்பாளர்கள் ‘அந்த மூலையில் உட்கார்ந்து பேசுங்கள் சார்’ என்று முடித்துவிடுவார்கள். கடிதத்துக்கு ஒப்புதல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் அசையவில்லையென்றால் ரிமாண்ட் செய்த நீதிமன்றத்தில் மனுப் போடலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளரிடமும் சொல்லலாம். சிறைக்குப் போய்ப் பார்ப்பது அவர் வேலையின் ஒரு பகுதி. உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவது கடைசி வழி. அது வரை போகத் தேவையிருக்காது என்றே நினைக்கிறேன்.

இடம் கிடைக்கும் வரை வேலை நின்றுவிடவும் கூடாது. நீதிமன்ற வராந்தாவிலும் சிறை மேசையிலும் பழகிய வக்கீல்களுக்கு ஒரு வழி தெரியும். கேள்வியை வக்கீல் நீளமாக எழுதி நோட்டைத் திருப்பிக் காட்டுவார். கட்சிக்காரர் ஆம் அல்லது இல்லை என்று தலையாட்டுவார். ‘அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய்’ என்று கேட்டுப் பதிலை வாயால் வாங்க வேண்டியதில்லை. மூன்று இடங்களின் பெயரை எழுதிக்காட்டினால், விரல் ஒன்றைத் தொடும். பக்கத்தை வக்கீல் தன் கட்டோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார். விசாரணைக் கைதி தன் வக்கீலுக்கு எழுதும் ரகசியக் குறிப்பை, கண்காணிப்பாளர் முன்கூட்டிப் படிக்காமலேயே, வக்கீலிடமோ அவர் அனுப்பும் ஆளிடமோ நேரில் கொடுக்கலாம் என்று மத்திய அரசின் மாதிரிச் சிறைக் கையேடு சொல்கிறது. சாதாரணத் தபாலில் போகும் கடிதம் படிக்கப்படும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்தாவுக்கு நீதிமன்றம் கொண்டுவரும் நாள் நல்ல வாய்ப்பு. எஸ்கார்ட் போலீஸ்காரர் கையைப் பிடித்துக்கொண்டே நிற்பார். அவரிடம் கெஞ்சுவதை விட, வழக்கு அழைக்கப்படும்போது, ‘கட்சிக்காரரோடு தனியாகச் சற்று நேரம் பேச அனுமதி வேண்டும்’ என்று வக்கீல் மாஜிஸ்திரேட்டிடமே வாய்மொழியாகக் கேட்கலாம். பல மாஜிஸ்திரேட்டுகள் உடனே அனுமதிப்பார்கள். போலீஸ்காரர் நான்கு தப்படி விலகி நிற்பார். இப்போது ரிமாண்ட் நீட்டிப்பு பெரும்பாலும் வீடியோ கான்ஃபரன்சிங்கில் நடப்பதால் இந்த வாய்ப்பு குறைந்துவிட்டது. காமிரா முன் உங்கள் மகன் உட்கார்ந்திருக்க, திரைக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. நேரமும் பணமும் மிச்சம் என்று எல்லோரும் பாராட்டும் அந்த ஏற்பாட்டில், கைதியும் வக்கீலும் வராந்தாவில் பேசிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரமும் போய்விட்டது. ஒருமுறையாவது நேரில் ஆஜர்படுத்தக் கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள்.

சிறைத் தொலைபேசியில் வழக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது குடும்ப நலம் விசாரிக்க மட்டும். அமெரிக்காவில் சிறைத் தொலைபேசிச் சேவை நடத்தும் செக்யூரஸ் என்ற நிறுவனத்திலிருந்து கசிந்த 7 கோடி அழைப்புகளின் பதிவுகளில், கைதிகளும் வக்கீல்களும் பேசிக்கொண்டவை குறைந்தது 14,000 இருந்தன என்று 2015-இல் செய்தி வந்தது. வக்கீல் அழைப்புகளைப் பதிவு செய்ய மாட்டோம் என்று சொல்லப்பட்ட நாடு அது.

இப்போது உங்களைப் பற்றி. இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கணவனும் மனைவியும் பேசிக்கொண்டதற்குச் சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது. தாயும் மகனும் பேசிக்கொண்டதற்கு எதுவும் தரவில்லை. மனு அறையில் உங்கள் மகன் சொன்னதை போலீஸ் உங்களிடம் விசாரிக்கலாம். நீதிமன்றத்தில் உங்களைச் சாட்சியாக ஏற்றவும் முடியும். அப்படி விசாரிக்க வேண்டுமானால், பெண் என்பதால் உங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. வந்தால் பொய் சொல்லாதீர்கள். முதலில் வக்கீலுக்குப் போன் செய்யுங்கள். இவை எல்லாவற்றையும் விட நல்லது, தெரிந்துகொள்ளாமல் இருப்பது. மனு அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், எல்லோரும் கத்துவார்கள். பக்கத்தில் நிற்கும் குடும்பத்தின் கடன் விவகாரம் முழுவதும் நமக்குத் தெரிந்துவிடும். நம்முடையது அவர்களுக்குத் தெரியாதா? அடுத்த முறை அவன் ஆரம்பித்தால், ‘அதை வக்கீலிடம் சொல், சாப்பிட்டாயா சொல்’ என்று பேச்சை மாற்றுங்கள். அவனுக்கு நெஞ்சு கனக்கிறது, உங்களிடம் இறக்கிவைக்கப் பார்க்கிறான், புரிகிறது. ஆனால் அந்தச் சுமை வக்கீலிடம் இருந்தால் பத்திரம், உங்களிடம் இருந்தால் ஆபத்து.

சிறைக்குள்ளும் அவன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பிளாக்கிலும் சட்டம் தெரிந்த மூத்த கைதி ஒருவர் இருப்பார். புதிதாக வரும் பையனின் குற்றப்பத்திரிகை நகலை வாங்கிப் படித்து, எந்தச் சாட்சியை எப்படி மடக்கலாம் என்று யோசனை சொல்வார். சிலர் உண்மையிலேயே விவரமானவர்கள்தான். ஆனால் அவரிடம் சொன்ன எதற்கும் ரகசியப் பாதுகாப்பு இல்லை. நாளைக்கு அவரே அரசுத் தரப்புச் சாட்சியாக வந்து, ‘என்னிடம் ஒப்புக்கொண்டான்’ என்று சொல்வதைத் தடுக்கவும் வழியில்லை. சிறைச் சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராக இருக்கும் கைதிகளிடமும், விண்ணப்பம் எழுதத் தேவையான அளவுக்கு மட்டும் பேசினால் போதும்.

வக்கீலிடம் உண்மையைச் சொன்னால் அவர் காட்டிக்கொடுத்துவிடுவாரோ என்ற பயமும் உங்கள் மகனுக்கு இருக்கலாம். அவனுக்கு நீங்கள் எடுத்துச்சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று மேலே சொன்ன 132-ஆம் பிரிவிலேயே உதாரணமாக இருக்கிறது. ‘நான் பொய் ஆவணம் தயாரித்தேன், எனக்காக வாதாடுங்கள்’ என்று ஒருவர் வக்கீலிடம் சொல்கிறார். அந்தப் பேச்சு ரகசியம். குற்றவாளி என்று தெரிந்தும் ஒருவருக்காக வாதாடுவது குற்றம் ஆகாது என்று சட்டமே காரணமும் சொல்கிறது. அடுத்த உதாரணம்: ‘இந்தப் பொய் ஆவணத்தை வைத்துச் சொத்தைப் பிடிக்க வேண்டும், வழக்குப் போடுங்கள்’ என்கிறார். இது ரகசியம் அல்ல. நடந்துமுடிந்த குற்றத்தைச் சொன்னால் பாதுகாப்பு உண்டு. இனிமேல் குற்றம் செய்ய உதவி கேட்டால் கிடையாது. வக்கீலை மாற்றினாலும், வழக்கு முடிந்தாலும் பழைய வக்கீலின் கட்டுப்பாடு தொடரும்.

அந்தச் சீட்டு விஷயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, வக்கீலுக்கும் தெரியாது. சாட்சியை மிரட்டும் வரி ஒன்று இருந்தால், அதைச் சுமந்த வக்கீலும் குற்றவாளி ஆவார், ரகசியப் பாதுகாப்பும் போய்விடும், ஜாமீனும் எட்டாத தூரத்துக்குப் போய்விடும். சீட்டு சுமக்கிற வக்கீல்கள் இல்லாமல் இல்லை. வார்டர்கள் மேசையை ஒட்டி வந்து நிற்பதற்கு அவர்களும் ஒரு காரணம். உங்கள் வக்கீல் மறுத்தது சரி.

போலீஸ் வக்கீலைக் கூப்பிட்டு விசாரிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். சமீப காலத்தில் விசாரணை அமைப்புகள் வக்கீல்களுக்கே சம்மன் அனுப்பத் தொடங்கியதால், உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்து, 2025 அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தது. கட்சிக்காரரின் விவரம் அறிய அவருடைய வக்கீலுக்கு சம்மன் அனுப்பக் கூடாது. 132-ஆம் பிரிவின் விதிவிலக்குகளுக்குள் வந்தால் மட்டும், அது எந்த விதிவிலக்கு என்று சம்மனிலேயே எழுதி, எஸ்.பி. நிலைக்குக் குறையாத மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு அனுப்பலாம் என்றது. ஆகவே அந்தப் பயம் வேண்டாம்.

கடைசியாக ஃபீஸ். கட்சிக்காரர் உங்கள் மகன். நீங்கள் பணம் கொடுப்பவர். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். கட்சிக்காரரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ அல்லாத வேறொருவர் சொற்படி வக்கீல் நடக்கக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதிகளில் இருக்கிறது. கட்சிக்காரரின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்றும் அதே விதிகளில் இருக்கிறது. பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லாத வக்கீல், வேறு யாருக்குச் சொல்லப்போகிறார்? அவரை மாற்றாதீர்கள். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியவையும் இருக்கின்றன: அடுத்த வாய்தா எப்போது, ஜாமீன் மனு என்ன நிலையில் இருக்கிறது, கொடுத்த பணத்துக்கு ரசீது. இவை ரகசியம் அல்ல, கேட்டு வாங்குங்கள். வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கிக்கொண்டால், ஈ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தா தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் எதையாவது வக்கீல் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று உங்கள் மகன் விரும்பினால், அவன் சம்மதம் எழுதிக் கொடுக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. 50 நாள் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, 10 ஆண்டுக்குக் குறையாத தண்டனை ஆகியவற்றுக்குரிய குற்றமானால் 90 நாளுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாளுக்குள்ளும் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். முதல் ரிமாண்ட் தேதியிலிருந்து கணக்கு. அதற்குள் தாக்கல் செய்யவில்லையென்றால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் போலீஸ் தாக்கல் செய்வதற்கு முன் நாம் மனுப் போட்டிருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் அந்த வாய்ப்பு போய்விடும். போடப்பட்டிருக்கும் பிரிவுகளின்படி உங்கள் மகனுக்கு 60 நாளா 90 நாளா, கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று நாளைக்கே வக்கீலிடம் கேட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள். வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லாமல் போகும் நிலை வந்தால், 15100 என்ற இலவச எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். அவர்கள் நியமிக்கும் வக்கீலும் மேலே சொன்ன எல்லாக் கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டவர்தான்.